மடியே இருக்கை

தமிழ்க் குழந்தையின் முதல் நெடும்பயணம் பெரும்பாலும் ஒன்றுதான். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போன பெண், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கைக்குழந்தையோடு கணவன் வீட்டுக்குத் திரும்பும் பயணம் அது. அடுத்தது குலதெய்வக் கோயிலுக்கு, மொட்டையடித்துக் காது குத்துவதற்கு. அதன்பிறகு தீபாவளி, பொங்கல், கோடை விடுமுறை, நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், சில சமயம் சாவு. "இந்த வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஏன் அலையணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தப் பட்டியலில் தள்ளிப்போடக் கூடியது எது என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். இவற்றில் பல, ஊரே கிளம்பும் நாட்களில்தான் வருகின்றன. கைக்குழந்தைக்காரியும் அதே கூட்டத்தில் நின்றுதான் ஏற வேண்டியிருக்கிறது.

இந்தப் பயணங்களின் சிரமத்தைப் பற்றிப் பேசினால் குழந்தை அழுதது, அடம் பிடித்தது, வாந்தி எடுத்தது என்று குழந்தையின் குணத்தைப் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். ரயில், பேருந்து, இருசக்கர வாகனம், கார், விமானம் ஆகியவற்றின் விதிகளையும் ஏற்பாடுகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொரு காரணம் கண்ணில் படுகிறது. ஒரு மடி எப்போதும் தயாராக இருக்கும் என்று நம்பித்தான் இவை அனைத்தும் வகுக்கப்பட்டிருக்கின்றன. குழந்தைக்கு அந்த மடியே இருக்கை, படுக்கை, சாப்பாட்டு மேசை, துணி மாற்றும் இடம். அது பெரும்பாலும் அம்மாவின் மடி. அவள் எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ அசையாமல் இருப்பாள் என்பது யாரும் எழுதி வைக்காத விதி.

ரயிலிலிருந்து தொடங்கலாம். குழந்தையோடு போகிறவர்களின் முதல் தேர்வு இன்றும் ரயில்தான். எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு, கால் நீட்டலாம். ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்குக் கட்டணம் இல்லை. தனிப் படுக்கையும் இல்லை. ஐந்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 2016 ஏப்ரல் வரை அரை டிக்கெட்டிலேயே படுக்கை கிடைத்தது. அதன்பிறகு விதி மாறியது. தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். அரைக் கட்டணம் கட்டினால் பெற்றோரின் படுக்கையிலேயே ஒண்டிக்கொள்ள வேண்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வெளிவந்த விவரப்படி, அடுத்த ஏழு ஆண்டுகளில் 10 கோடிக்கும் அதிகமான குழந்தைகளுக்கு முழுக் கட்டணம் கட்டிப் படுக்கை எடுத்திருக்கிறார்கள். அரைக் கட்டணத்தில் படுக்கை இல்லாமல் போனவர்கள் சுமார் 3.6 கோடி. ரயில்வேக்குக் கூடுதலாகச் சேர்ந்தது 2,800 கோடி ரூபாய்க்கு மேல். இது ஒரு வருமானச் செய்தியாகவே பேசப்பட்டது. எனக்கு இதில் தெரிவது பெற்றோரின் வாக்குமூலம். நூறு குழந்தைகளில் எழுபதுக்கு மேற்பட்டவர்களின் பெற்றோர், ஒரு படுக்கையில் இரண்டு உடல்கள் இரவைக் கழிக்க முடியாது என்பதைத் தங்கள் காசைக் கட்டிச் சொல்லியிருக்கிறார்கள்.

காசு கட்டினாலும் தீராத சிக்கல் ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிறது. ஸ்லீப்பர் கோச்சில் கைக்குழந்தையோடு படுக்கக் கீழ்ப்படுக்கையைத் தவிர வேறு இடம் உதவாது. நடுப்படுக்கையில் நிமிர்ந்து உட்கார்ந்து பால் கொடுக்க முடியாது. மேல்படுக்கைக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறுவது ஆபத்து. ஒவ்வொரு பெட்டியிலும் சில கீழ்ப்படுக்கைகளை ரயில்வே தனியாக ஒதுக்கி வைத்திருக்கிறது. மூத்த குடிமக்கள், 45 வயதைத் தாண்டிய பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு அந்த ஒதுக்கீடு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நிறைமாத வயிற்றோடு தாய் வீட்டுக்குப் போகிறவளுக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை, பச்சைக் குழந்தையோடு அவள் திரும்பும்போது இல்லை. டிடிஆரிடம் கெஞ்ச வேண்டும், அல்லது கீழே படுத்திருப்பவரின் நல்ல மனதை நம்ப வேண்டும். கீழே இருப்பவர் முழங்கால் வலியுள்ள முதியவராக இருந்தால் இருவருடைய தேவையும் நியாயம்தான். அவர்களை ஒருவருக்கொருவர் எதிராக நிறுத்துவது ஏற்பாட்டின் குறை. இத்தனைக்கும் ரயில்வேயின் முன்பதிவுத் தளத்தில் படுக்கை தேவைப்படாத கைக்குழந்தையின் பெயரையும் வயதையும் பதிவுசெய்ய ஏற்கெனவே இடம் இருக்கிறது. ஒரு பெட்டியில் எந்தப் பயணியிடம் கைக்குழந்தை இருக்கிறது என்பது பயணத்துக்கு முன்பே கணினிக்குத் தெரியும். அந்தத் தகவலைக் கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டோடு இணைப்பதற்குப் புதிய தண்டவாளம் எதுவும் போட வேண்டியதில்லை.

நம் மக்கள் இதற்குத் தாங்களே ஒரு வழி கண்டார்கள். பழைய நூல் சேலையை மேல்படுக்கைக் கம்பிகளில் கட்டித் தூளி தொங்கவிடுவது தென்மாவட்ட ரயில்களில் இன்றும் காணக் கூடிய காட்சி. வண்டியின் ஆட்டமே தாலாட்டாகிவிடும். வீட்டில் தூளியில் தூங்கிப் பழகிய குழந்தை சட்டென்று உறங்கிவிடும். ஆனால் திடீர் பிரேக்கில் அது பெரிதாக வீசும், முடிச்சு இளகலாம், பெட்டியோடு நடந்து வருபவர் இருட்டில் இடித்துக்கொள்ளலாம். கட்டுவதானால் தாழ்வாக, அடியில் தலையணையோ மெத்தையோ போட்டு, பக்கத்தில் ஒருவர் விழித்திருந்தபடிதான் கட்ட வேண்டும். 2022 மே மாதம், அன்னையர் தினத்தையொட்டி வடக்கு ரயில்வே லக்னோ மெயிலின் ஒரு மூன்றடுக்கு ஏசி பெட்டியில் இரண்டு கீழ்ப்படுக்கைகளோடு மடக்கக் கூடிய 'பேபி பெர்த்' பொருத்திச் சோதித்துப் பார்த்தது. 77 செ.மீ நீளம், ஒரு சாணுக்குச் சற்றே அதிகமான அகலம், குழந்தை புரளாமல் இருக்கத் தடுப்பு. அதை வரவேற்றவர்களில் நானும் ஒருவன். அதிலும் ஒரு குறை இருந்தது. எந்தத் தாயும் குழந்தையைச் சுவர்ப் பக்கம் போட்டுவிட்டுத் தான் வெளிப்பக்கம் அணையாகப் படுப்பாள். அந்தப் படுக்கையோ வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. மேலிருந்து எது விழுந்தாலும், பெட்டியை இழுத்துக்கொண்டு யார் போனாலும் முதலில் படுவது குழந்தைமேல்தான். வரைபடம் போடுவதற்கு முன் நாலு தாய்மாரைக் கேட்டிருந்தால் இது தெரிந்திருக்கும். அந்த முயற்சி நாடு முழுக்கப் பரவவில்லை.

2016-இல் ரயில்வே 'ஜனனி சேவா' என்ற பெயரில் நிலையங்களில் குழந்தைகளுக்கான சூடான பால், வெந்நீர், குழந்தை உணவு ஆகியவற்றைக் கிடைக்கச் செய்யும் திட்டத்தை அறிவித்தது. நோக்கம் சரி. ஆனால் இரவு இரண்டு மணிக்கு வண்டி இரண்டு நிமிடம் நிற்கும் நிலையத்தில், தூங்கும் குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு ஒரு தாய் இறங்கிப் பிளாட்பாரக் கடையைத் தேடுவாள்? தனியாகப் போகிற தாயின் பெரிய கஷ்டமே இதுதான். பாலுக்கு மட்டுமில்லை, கழிப்பறைக்கும் இதே கதி. "கொஞ்சம் பாத்துக்குங்கக்கா" என்று எதிர் இருக்கைப் பெண்ணிடம் குழந்தையைக் கொடுத்துவிட்டு ஓடி ஓடி வருகிறார்கள். அதற்கு அஞ்சிச் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் ஏராளம். பால் கொடுக்கும் தாய் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எவ்வளவு கெடுதல்! டயபரை மாற்றுவதற்கு நம்முடைய சாதாரணப் பெட்டிகளில் ஒரு பலகைகூடக் கிடையாது. ஆடும் வண்டியில் இருக்கையிலேயே மாற்றிவிட்டு, கழற்றியதை எங்கே போடுவது என்று திகைத்துக் கழிப்பறைக்குள் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. இப்போது பெட்டிகளில் இருப்பவை உயிரிக் கழிப்பறைகள். டயபர் விழுந்தால் அடைத்துக்கொள்ளும், அப்புறம் பெட்டிக்கே அவதி. காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்திருந்து குப்பைத் தொட்டியில் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

பேருந்துக்கு வருவோம். தமிழக அரசுப் பேருந்துகளில் மூன்று வயதைக் கடந்தாலே அரை டிக்கெட் என்றிருந்ததை 2022-இல் மாற்றி, ஐந்து வயதுவரை கட்டணமில்லை என்று அரசு அறிவித்தது. 'மூணு வயசு ஆயிடுச்சா இல்லையா' என்று நடத்துநரோடு நடக்கும் வழக்குகள் அதோடு குறைந்தன. 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது, தடுப்பூசிக்கும் மருத்துவமனைக்கும் குழந்தையைத் தூக்கிப் போகும் ஏழைத் தாய்மாருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைக் காலை வேளையில் அரசு மருத்துவமனை நிறுத்தத்தில் நின்று பார்த்தால் தெரியும். இரண்டும் பாராட்ட வேண்டியவை. ஆனால் கட்டணமில்லாத குழந்தைக்கு இருக்கை மீதும் உரிமையில்லை. நாலு வயதுக் குழந்தை பதினாறு கிலோவை ஒட்டி இருக்கும். சென்னையிலிருந்து நாகர்கோவில்வரை, ஓர் இரவு முழுக்க அந்தப் பாரத்தை மடியில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் மறுநாள் இடுப்பு என்ன ஆகும்? முடிந்தவர்கள் குழந்தைக்கும் ஓர் இருக்கை எடுத்துவிடுகிறார்கள். முடியாதவர்கள்தான் அதிகம்.

வழியில் நிறுத்தும் இடங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரவுப் பேருந்து எங்கே நிற்கும் என்பதை ஓட்டுநரும் உணவகமும் முடிவு செய்கிறார்கள். குழந்தையின் வயிறு அதற்குக் கட்டுப்படாது. "அண்ணே, குழந்தைக்கு அவசரம், ஓரமா நிறுத்துங்க" என்று கேட்டால் நிறுத்தும் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள். அவர்களை நன்றியோடுதான் நினைக்கிறேன். நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிகள் சீறிப் போகும் இருட்டில் குழந்தையை உட்கார வைப்பது பெரிய ஆபத்து என்பதால் மற்ற ஓட்டுநர்கள் தயங்குவதிலும் நியாயம் இருக்கிறது.

பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மாருக்குத் தனி அறை என்ற யோசனையில் தமிழ்நாடு முன்னோடி. 2015 ஆகஸ்டில், தாய்ப்பால் வாரத்தையொட்டி, அன்றைய முதல்வர் ஜெயலலிதா 350-க்கும் மேற்பட்ட அறைகளைத் திறந்துவைத்தார்.  இன்று அந்த அறைகளில் பல நன்றாக இயங்குகின்றன. பல, பூட்டிக் கிடக்கின்றன. சாவி யாரிடம் என்று கேட்டால் நேரக் காப்பாளரைக் கைகாட்டுவார்கள், அவர் துப்புரவுப் பணியாளரைக் கைகாட்டுவார். சில இடங்களில் உள்ளே துடைப்பமும் பழைய நாற்காலியும் குடியிருக்கின்றன. பசித்த குழந்தை சாவி வரும்வரை காத்திருக்காது. கடைசியில் தூண் மறைவில், முந்தானையால் மூடிக்கொண்டுதான் பால் கொடுக்கிறார்கள். பொது இடங்களில் பாலூட்டும் அறைகளுக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் ஏற்பாடு செய்ய வேண்டியது அரசுகளின் கடமை என்று 2025-இல் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. அறை கட்டுவது ஒரு நாள் வேலை. அதைத் திறந்து, பெருக்கி, விளக்குப் போட்டு வைத்திருப்பது தினப்படி வேலை. அந்தத் தினப்படி வேலைக்கு ஒரு ஆளைப் பொறுப்பாக்காமல் போனதுதான் குறை.

எல்லாவற்றிலும் ஆபத்தானது இருசக்கர வாகனம். அதையே நாம் மிகவும் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அப்பா ஓட்ட, முன்னால் பெரிய குழந்தை நிற்க, பின்னால் அம்மா, அவள் மடியில் கைக்குழந்தை. பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களுக்குக் கையில் இருக்கும் ஒரே வாகனம் அதுதான் என்பதால், 'போகாதீர்கள்' என்று சொல்வது வெற்றுப் பேச்சு. எப்படிப் போகலாம் என்பதற்குச் சட்டம் ஒரு வழி சொல்கிறது. 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதிப்படி, ஒன்பது மாதத்திலிருந்து நான்கு வயதுவரை உள்ள குழந்தையை ஏற்றிச் சென்றால், ஓட்டுபவரோடு இணைக்கும் பாதுகாப்புப் பட்டை அணிவிக்க வேண்டும். அளவான தலைக்கவசம் போட வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நான்கு வயதைக் கடந்தவர்களுக்கு ஏற்கெனவே தலைக்கவசம் கட்டாயம். அந்தப் பட்டையை எத்தனை பேர் கண்ணால் பார்த்திருப்பார்கள்? பெரிய ஊர்களிலேயே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. சிற்றூர்க் கடைகளில் குழந்தைத் தலைக்கவசமே அரிது. பிள்ளைக்குப் பிறந்தநாள் சட்டை எடுக்கும் செலவில் ஒரு பட்டை வாங்கிவிடலாம். முன்னால் நிற்கும் குழந்தை தூங்கிவிழுவதுதான் பலர் எதிர்பாராத ஆபத்து. எதிர்க்காற்றில் பத்தே நிமிடத்தில் கண் சொருகும், கை நழுவும், சில சமயம் கைப்பிடியிலேயே சாய்ந்து வண்டியைத் திருப்பிவிடும்.

காரிலும் மடிப் பழக்கம் தொடர்கிறது. முன் இருக்கையில் அப்பா மடியிலோ தாத்தா மடியிலோ குழந்தை உட்கார்ந்து வேடிக்கை பார்த்தபடி வரும். அதைவிடப் பாதுகாப்பற்ற இடம் காரில் வேறில்லை. மோதினால் காற்றுப்பை வெடித்து விரியும் வேகம் குழந்தையின் முகத்தில்தான் விழும். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், பதினான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு இருக்கைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. குழந்தை இருக்கை பச்சிளங்குழந்தைகளின் சாவை 71 சதவீதம்வரை குறைக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனம் எடுத்துச் சொல்லும் கணக்கு. சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் மெல்ல மெல்ல வாங்கத் தொடங்கியிருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பேசிய வேனிலும் வாடகைக் காரிலும் அது கிடையாது. இன்னொன்றையும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 'தூங்குகிறான், எழுப்ப வேண்டாம்' என்று நிறுத்திய காரில் குழந்தையை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். வெயிலில் மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ்வரை ஏறிவிடும்.

மலைப் பாதை தனிக் கதை. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. கண் காருக்குள் அசையாத இருக்கையைப் பார்க்க, உள்காது உடம்பின் சுழற்சியை உணர, மூளை இரண்டையும் பொருத்த முடியாமல் குமட்டுகிறது. இரண்டு வயதுக்குள் இது அரிது. பிறகு கூடி, ஒன்பது பத்து வயதில் உச்சத்துக்குப் போகும். அதனால் கைக்குழந்தை சிரித்துக்கொண்டு வர, மூத்தது வாடிப்போவதைப் பார்க்கலாம். ஏறுவதற்குச் சற்று முன் வயிறு முட்டப் பாலும் எண்ணெய்ப் பலகாரமும் கொடுப்பதும், வளைவுகளில் கையில் செல்போனைக் கொடுப்பதும் குமட்டலை வரவழைக்கும் வழிகள். தூரத்து மலையைப் பார்க்க வைப்பது, ஜன்னலைத் திறப்பது, எலுமிச்சையை முகர்வது ஆகியவை பலருக்குப் பலன் தருகின்றன. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய சிரப்பைக் கொடுத்துக் குழந்தையைத் தூங்க வைக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிட வேண்டும். சளிக்கு வரும் குளோர்பெனிரமைன், பினைலெப்ரின் கூட்டு மருந்தை நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தரக் கூடாது என்று 2023-இல் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரித்தது. வண்டியில் அமைதி வேண்டுமென்று மூச்சோடு விளையாடக் கூடாது.

சாப்பாட்டில் நம் முன்னோர் கட்டிக்கொண்டு போனதெல்லாம் பெரியவர்களுக்கானது. புளியோதரையும் மிளகாய்ப் பொடி தடவிய இட்லியும் இரண்டு வயதுக் குழந்தைக்குக் காரம். பருப்பு சாதமும் பால் சாதமும் வெயிலில் சில மணி நேரத்தில் கெட்டுவிடும். நெய் தடவிய இட்லி, தோலோடு இருக்கும் வாழைப்பழம், பிளாஸ்கில் வெந்நீர், தனியாக எடுத்துப் போய் அப்போதைக்கப்போது கரைக்கும் வறுத்த சத்துமாவு ஆகியவை நம்பத் தகுந்தவை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலே தண்ணீரும்கூட. எவ்வளவு வெயிலானாலும் தனியே நீர் புகட்ட வேண்டாம். புட்டிப்பால் கொடுத்தே ஆக வேண்டிய குழந்தைக்குப் பயணத்தில் புட்டியைவிடப் பாலாடை நல்லது. ரப்பர் இடுக்கைக் கழுவ வேண்டியதில்லை. நன்றாகக் கழுவி வெந்நீர் ஊற்றுவது எளிது. பச்சிளங்குழந்தை மருத்துவர்கள் குறைமாதக் குழந்தைகளுக்கு இன்றும் பயன்படுத்தும் பாத்திரம் அது.

மீறி வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் (ஓஆர்எஸ்) பொட்டலம் பையில் இருக்க வேண்டும். 1971-இல் வங்கதேச அகதிகள் எல்லையைக் கடந்து வந்து காலராவில் மடிந்தபோது, பனகாவ் முகாமில் மருத்துவர் திலீப் மகலானபிஸ் இந்தக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துத்தான் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றினார். வழியில், மருத்துவமனை இல்லாத இடத்தில் கைகொடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து அது. பெரிய பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் முழுதாகக் கரைக்க வேண்டும்; கொஞ்சம் பொடி, கொஞ்சம் தண்ணீர் என்று கண்ணளவில் கலக்கினால் உப்பு கூடிக் கெடுதல் செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவைக்குப் பொருந்தாத இனிப்புப் பானங்கள் 'ஓஆர்எஸ்' என்ற பெயரைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. சாலையோரக் கடையில் அட்டைப் பெட்டிப் பானத்தை நீட்டினால் லேபிளைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

விமானத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அங்கே விதிகள் தெளிவாக இருக்கின்றன. இரண்டு வயதுக்குள் என்றால் அங்கும் மடிதான். இறங்கும்போது காது வலித்து அலறும் குழந்தைக்குப் பால் கொடுத்தாலோ எதையாவது சப்பக் கொடுத்தாலோ விழுங்கும்போது காது திறந்து வலி குறையும். பன்னிரண்டு வயதுவரை உள்ள குழந்தையைப் பெற்றோரில் ஒருவருக்காவது பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும் என்று 2024-இல் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. இருக்கைத் தேர்வுக்குத் தனிக் காசு வாங்கி, அம்மா ஒரு வரிசையிலும் பிள்ளை ஒரு வரிசையிலும் சிதறிக் கிடந்த நிலைக்கு முடிவு கட்டுவதே அதன் நோக்கம். அரசு ஒரு தாளில் எழுதி அதை விதியாக்கியது. ரயிலுக்கும் பேருந்துக்கும் இதைச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று எதற்கு?

கூட்டத்தைக் கையாளும் இடத்தில் நம் கோயில்கள் போக்குவரத்துத் துறையைவிட முன்னே நிற்கின்றன. திருமலையில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் பிறப்புச் சான்றிதழைக் காட்டினால் பெற்றோரைப் பெருவரிசையில் நிறுத்தாமல் சுபதம் என்ற தனி நுழைவாயில் வழியாகத் தரிசனத்துக்கு விடுகிறார்கள். காத்திருப்புக் கூடங்களில் குழந்தைகளுக்குப் பால் வருகிறது. பம்பையிலும் திருவண்ணாமலை தீபத்தின்போதும் காவல்துறையினர் குழந்தைகளின் மணிக்கட்டில் பெயரும் பெற்றோரின் தொலைபேசி எண்ணும் எழுதிய பட்டையைக் கட்டுகிறார்கள். காணாமல் போன பிள்ளையைப் பெற்றவரிடம் சேர்க்க அந்த ஒரு பட்டை போதும். 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில், தீபாவளிக்கு முந்தைய இரவில் எத்தனை குழந்தைகள் தோளிலும் இடுப்பிலும் தூங்கிக்கொண்டு நிற்கிறார்கள்! அங்கே நுழைவாயிலிலேயே கைப்பட்டை கட்ட ஒரு மேசை போடலாம். பேருந்துக் கதவு திறந்ததும் கைக்குழந்தைக்காரர்களை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு மற்றவர்களை ஏற்றும்படி நடத்துநருக்கு ஓர் உத்தரவு போடலாம். முன்பதிவில் ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இரண்டு வரிசைகளை அவர்களுக்கு ஒதுக்கினால், வழியில் நிறுத்தச் சொல்லக் கூட்டத்தை மிதித்துக்கொண்டு வர வேண்டியதில்லை. இந்த மூன்றையும் வருகிற பண்டிகைக்கே தொடங்கிவிடலாம்.